டுபாயில் ஊதிப்போன குசினிக் கதவு: யாரைக் கேட்பது, எப்போது கேட்பது?

செப்டெம்பர் முதல் வாரத்தில் வளைகுடாவில் உள்ள எம்மவர் வீடுகளில் ஒரு வாசம் அடிக்கும். ஜூலையும் ஓகஸ்டும் பிள்ளைகளின் விடுமுறைக்கு ஊருக்கோ லண்டனுக்கோ போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தால் பூட்டிக் கிடந்த வீட்டின் பூஞ்சண வாசம். குசினிக்குள் போனால் சிங்குக்குக் கீழே உள்ள அலுமாரிக் கதவு மூடாது. அதன் கீழ் விளிம்பு தண்ணீரில் ஊறின பாண் மாதிரி ஊதியிருக்கும். பிணைச்சல் கழன்று தொங்கும். குசினி போட்டு ஒரு வருடம் கூட ஆகியிராது.

கராமாவிலும் அல் குசைஸிலும் சார்ஜாவிலும் இது சாதாரணமான கதை. ஒருவர் சொல்லத் தொடங்கினால் மற்ற மூன்று பேர் தங்கள் குசினியைச் சொல்வார்கள். கடைசியில் "இங்கே ஒன்றும் செய்ய ஏலாது, விடுங்கோ" என்று முடியும். அந்த முடிவு சரியா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஒரு குசினிக் கதவுக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று கனடாவில் இருக்கும் வாசகர் நினைக்கலாம். ஆனால் வளைகுடாவில் எமக்கு என்ன உரிமை இருக்கிறது, அது எத்தனை நாளைக்கு இருக்கிறது என்பதைப் பெரிய அரசியல் கட்டுரைகளை விட இந்தக் கதவு தெளிவாகக் காட்டுகிறது.

என் மனைவியின் தங்கை குடும்பம் லண்டனில் இருக்கிறது. டுபாயில் தொடர்மாடி வாங்கும் அலையில் அவர்களும் ஒரு படுக்கையறை வீடொன்றை வாங்கினார்கள். அந்த அலை சின்னதல்ல. 2024 இல் மட்டும் டுபாய் காணித் திணைக்களத்தில் பதிவான கொடுக்கல் வாங்கல்கள் 2 இலட்சத்து 26 ஆயிரம், பெறுமதி 761 பில்லியன் திர்ஹம். இவ்வளவு வீடு கைமாறினால் அத்தனை வீட்டுக்கும் அலுமாரி அடிக்க, ஓடு பதிக்க, குழாய் பூட்ட ஆள் வேண்டும். வேலை கூடியது. வேலையாளின் நாளுக்கு அதே 24 மணித்தியாலம்தான்.

பழைய குசினியை உடைத்துவிட்டுப் புதிதாகப் போட ஒரு கொந்தராத்துக்காரரைப் பிடித்தோம். மொத்தம் 38,000 திர்ஹம். அரைவாசி முற்பணம், பலகை வந்து இறங்கியதும் 40 வீதம், மிச்சப் பத்து வீதத்துக்குப் பின்திகதியிட்ட காசோலை. வங்கிக் கணக்கும் வதிவிட அடையாள அட்டையும் என்னிடம் இருந்தபடியால் ஒப்பந்தம் என் பெயரில், காசோலையும் என்னுடையது. விலை பேச வந்தவர் நல்ல தமிழ் பேசினார். தேத்தண்ணி குடித்தபடி "உங்கட கொம்பனி வீசா எப்ப முடியுது அண்ணை?" என்று கேட்டார். ஊர்க் கதை கேட்கிறார் என்று நினைத்து மார்ச் என்று சொன்னேன்.

முதலில் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிரச்சினையில் பாதி அங்கேதான். இங்கே அலுமாரிக்குப் பெரும்பாலும் மூன்று விதமான பலகை போகிறது. மரத்தூளைப் பசையோடு அழுத்திய சிப் போர்ட், அதைவிட நுண்ணிய நாரால் செய்த எம்.டி.எவ், தண்ணீருக்குத் தாக்குப் பிடிக்கும் பசையால் அடுக்கி ஒட்டிய மரைன் பிளைவூட். மேலே ஒட்டியிருக்கும் மினுக்கத் தாளைப் பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். வித்தியாசம் வெட்டிய ஓரத்தில் இருக்கிறது. சிங்குக்கும் குழாய்க்கும் துளை வெட்டிய இடத்தில் உள்ளே இருக்கும் தூள் வெளியே தெரியும். அதை நாடா ஒட்டியோ சிலிக்கன் பூசியோ அடைக்காவிட்டால் ஈரம் அதன் வழியாக உள்ளே போகும். சிப் போர்ட் ஒருமுறை ஊதினால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்கு வராது.

வளைகுடாவின் கோடையில் கரையோர நகரங்களின் காற்றே ஈரம்தான். வீட்டில் ஆள் இருக்கும்போது குளிரூட்டி அந்த ஈரத்தை எடுத்துவிடும். மின்கட்டணத்துக்குப் பயந்து அதை நிறுத்திவிட்டு இரண்டு மாதம் போனால் அடைக்காத ஓரமெல்லாம் குடிக்கும். இதற்கு மேல் எம்மவர் சமையல் இருக்கிறது. தூள் வறுப்பது, தேங்காய் அரைப்பது, மீன் பொரிப்பது. பல கட்டடங்களில் குசினிக்கு வெளியே போகும் புகைப்போக்கியே கிடையாது. அடுப்புக்கு மேலே உள்ள விசிறி புகையை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும் வகை. அலுமாரி செய்பவர் இதையெல்லாம் கேட்டுத்தான் பலகையைத் தெரிய வேண்டும். எங்களிடம் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. நிறத்தைத்தான் ஒரு மணித்தியாலம் பார்த்தோம்.

"நீங்கள் ஏசியை நிறுத்திவிட்டுப் போனீர்கள். இது வேலைப் பிழை இல்லை, பாவித்த பிழை." கொந்தராத்துக்காரரின் முதல் பதில் இதுதான். இந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல். நாங்கள் குளிரூட்டியை நிறுத்தியது உண்மை. ஆனால் அதே வீட்டில் சுவரோடு ஒட்டியிருந்த உயர அலுமாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊதியது வெட்டிய ஓரம் உள்ளவை மட்டும்.

இதை எனக்கு விளக்கியவர் பொருத்த வந்த தச்சர். புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். முறைப்பாட்டுக்கு முதல் தடவை பார்க்க அவரைத்தான் அனுப்பினார்கள். கதவைக் கழற்றி ஓரத்தைக் காட்டினார். "மரைன் பிளைன்னு உங்க பேப்பர்ல போட்டிருக்கு அண்ணே. எங்களுக்குக் கொடுத்தது இது. சீல் பண்ண ஒரு மணி நேரம் வேணும். அன்னைக்கு மூணு வீடு." நான் அவர் மீது எரிந்து விழத் தயாராக இருந்தவன். வாயை மூடிக்கொண்டு தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

எம்மவர்கள் இந்த இடத்தில்தான் முதலாவது பிழையை விடுகிறோம். துளைபோடும் இயந்திரத்தோடு நிற்பவரைப் பிடித்து ஏசுகிறோம். அவர் எங்களோடு ஒப்பந்தம் செய்தவரல்ல. விலை பேசியவர் ஒரு நிறுவனம், அலுமாரி வெட்டியது சார்ஜாக் கைத்தொழில் பேட்டையில் உள்ள இன்னொரு பட்டறை, பொருத்தியது அந்தப் பட்டறை அனுப்பிய உப கொந்தராத்து ஆட்கள். எங்கள் 38,000 இல் அந்தத் தச்சரின் கைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கேட்கவே கூச்சமாக இருந்தது. அவருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று பிறகு தெரிந்தது. வங்கி வழியாகச் சம்பளம் போடும் முறை இங்கே 2009 இல் வந்தது. இருந்தும் சின்னப் பட்டறைகளில் பாக்கி விழுகிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு இலங்கையில் இருந்து ஒரே வருடத்தில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளியேறினார்களே, அவர்களில் கணிசமானோர் வந்து சேர்ந்தது வளைகுடாவுக்குத்தான். அந்தத் தச்சரின் இடத்தில் கிளிநொச்சிப் பிள்ளை ஒன்று நின்றிருந்தாலும் கதை இதுதான்.

சரி, யாரைக் கேட்பது? அது அந்தக் குசினியை யார் போட்டது என்பதைப் பொறுத்தது.

புதிய வீட்டைக் கட்டிய நிறுவனமே குசினியையும் பொருத்திக் கொடுத்திருந்தால், டுபாயில் 2019 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கட்டடத்தின் அமைப்புக் குறைபாட்டுக்குக் கட்டியவர் பத்து வருடம் பொறுப்பு. மின்சாரம், குழாய், கழிவுநீர் போன்ற பொருத்துகைகளுக்கு வீட்டைக் கையளித்த நாளில் இருந்து ஒரு வருடம். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சிங்குக் குழாய் ஒழுகினால் இந்த ஒரு வருடத்துக்குள் வரும். அலுமாரிக் கதவு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. அதற்கு வீட்டு விற்பனை ஒப்பந்தத்தில் உள்ள உத்தரவாதப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே குழாய் ஒழுகி அதனால் கதவு ஊதியிருந்தால் "கதவு ஊதிவிட்டது" என்று எழுதாமல் "குழாய் ஒழுகி அதனால் கதவு கெட்டது" என்று எழுதுங்கள். கையளிக்கும் நாளிலேயே ஒரு பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு போய்க் குறைகளைப் பட்டியல் போடுவது இப்போது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்தச் செலவைக் கஞ்சத்தனமாகப் பார்க்க வேண்டியதில்லை.

வாடகை வீடென்றால் 2007 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டப்படி வேறுவிதமாக எழுதிக் கொள்ளாதவரை பராமரிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. அந்த "வேறுவிதமாக" என்பதை வாடகை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எம்மவர்களில் பலர் வாடகை வீட்டுக் குசினியைத் தங்கள் காசில் மாற்றுகிறார்கள். வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது. மாற்றினாலும், வேறு உடன்பாடு இல்லையென்றால், போகும்போது கழற்றிக்கொண்டு போக முடியாது. அதாவது நீங்கள் போட்ட அலுமாரி அடுத்த வாடகைக்காரருக்குச் சீதனம். வழக்கென்று வந்தால் டுபாயில் 2013 இல் அமைத்த வாடகைப் பிணக்கு நிலையத்துக்குப் போக வேண்டும்.

நாங்கள் மூன்றாவது வகை. சொந்தமாகக் கொந்தராத்துக் கொடுத்தவர்கள். இதற்கு ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2020 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அது பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் உரியது. செய்த வேலைக்கு அதன் தன்மைக்கேற்ற காலத்துக்கு உத்தரவாதம் இருக்க வேண்டும், குறை இருந்தால் திரும்பச் செய்ய வேண்டும் அல்லது காசைத் திருப்ப வேண்டும். "வேலை முடிந்த பின் நாங்கள் பொறுப்பல்ல" என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சடித்து வைத்திருந்தாலும் அந்த வரி செல்லாது. 1985 இல் வந்த சிவில் பரிவர்த்தனைச் சட்டம் இதற்கும் பழைய அடிப்படையாக இருந்தது. ஒப்பந்தத்துக்கு மாறாக வேலை நடக்கிறது, ஆனால் திருத்தக் கூடியது என்றால், நியாயமான தவணை கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டும். தவணை கடந்தும் செய்யாவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கவோ, முதல் ஆளின் செலவில் வேறொருவரைக் கொண்டு செய்விக்கவோ நீதிமன்றத்தைக் கேட்கலாம். நீங்களாகவே கோபத்தில் வேறு தச்சரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்தால் சாட்சி போய்விடும். எறிந்துவிட்டு வந்து கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு படம் கூட இராது.

முறைப்பாட்டை எங்கே கொடுப்பது என்பதில் எனக்கு ஒரு நாள் வீணானது. வீடு டுபாயில், ஆகவே டுபாய் என்று நினைத்தேன். பற்றுச்சீட்டில் இருந்த வர்த்தக அனுமதிப்பத்திரம் சார்ஜாவினது. எந்த எமிரேட்டில் அனுமதி எடுத்திருக்கிறார்களோ அந்த எமிரேட்டின் பொருளாதாரத் திணைக்களம்தான் அவர்களைக் கூப்பிடும். அனுமதிப்பத்திரத்தில் என்ன தொழில் என்று எழுதியிருக்கிறது என்பதையும் அப்போதுதான் வாசித்தேன். முற்பணம் கொடுக்கும் முன் வாசித்திருக்க வேண்டியது. அனுமதிப்பத்திரமே இல்லாத ஆளாக இருந்திருந்தால் முறைப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. மேலும் பெர்மிட் இல்லாமல் ஆள் வைத்து வேலை வாங்குபவர்களுக்கான அபராதம் 2024 ஓகஸ்டில் 1 இலட்சத்தில் இருந்து 10 இலட்சம் திர்ஹம் வரை என்று உயர்ந்திருக்கிறது. சுற்றுலா வீசாவில் வந்த ஊர்ப் பெடியனைக் கொண்டு மலிவாகச் செய்விப்போம் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அகப்பட்டால் முதலில் போவது அந்தப் பெடியன்.

மற்ற வளைகுடா நாடுகளிலும் சட்டம் இல்லாமல் இல்லை. கட்டாரில் 2008 இல், பஹ்ரைனில் 2012 இல், குவைத்தில் 2014 இல் பாவனையாளர் சட்டங்கள் வந்தன. ஓமானில் 2011 இல் இதற்கென்று ஒரு தனி அதிகாரசபையே அமைத்தார்கள். ஆகவே "இங்கே சட்டம் இல்லை" என்ற எங்கள் வழமையான புலம்பல் பொய்.

அப்படியானால் ஏன் எம்மவர்களில் பெரும்பாலானோர் ஒன்றும் பெறாமல் விடுகிறார்கள்? என் கணிப்பில் காரணம் நாட்காட்டி. வளைகுடா நாடுகள் எதுவும் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கையெழுத்திடவில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் எம்மவர்கள் அகதியாக ஏற்கப்பட்டு, வதிவிடம் பெற்று, குடிமக்களாகி, அந்தப் பலத்தில் ஒரு கொந்தராத்துக்காரரோடு மூன்று வருடம் மல்லுக்கட்டுகிறார்கள். இங்கே எமக்கு அகதி என்ற பெயரே கிடையாது. வேலை இருந்தால் வீசா, வீசா இருந்தால் வீடு, வங்கி, கைத்தொலைபேசி எல்லாம். வேலை போனால் சலுகைக் காலம் ஓடத் தொடங்கும். முறைப்பாடு, மத்தியஸ்தம், நீதிமன்றம் நியமிக்கும் நிபுணர், அவரது அறிக்கை, அரபு மொழிபெயர்ப்பு என்று ஒரு வழக்கு எடுக்கும் காலத்தை அந்தச் சலுகைக் காலம் தாண்டுமா என்பது சந்தேகம். கொந்தராத்துக்காரருக்கு இது தெரியும். "அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன்" என்று பதினைந்து தடவை சொன்னால் போதும், நாங்கள் போய்விடுவோம். தேத்தண்ணி குடித்தபடி என் வீசாத் திகதியைக் கேட்டது ஊர்க் கதை அல்ல என்று எனக்கு நவம்பரில்தான் விளங்கியது.

இதனால்தான் காலம் எங்களுக்குக் காசை விடப் பெரிது. குறை கண்ட அன்றே எழுத்தில் அறிவிக்க வேண்டும். மின்னஞ்சலும் வட்ஸ்அப் செய்தியும் இங்கே சான்றாக ஏற்கப்படுகின்றன. தொலைபேசியில் பேசிவிட்டு வைப்பதால் பயனில்லை. பேசியதை உடனே இரண்டு வரியில் செய்தியாக அனுப்பிவிட வேண்டும். அவருக்குத் தெரியாமல் பேச்சைப் பதிவு செய்ய வேண்டாம், அது உங்கள் பக்கமே குற்றமாகத் திரும்பும்.

இனி எங்கள் கோபம் எங்களையே மாட்டிவிடும் இரண்டு இடங்கள்.

ஒன்று காசோலை. மிச்சப் பத்து வீதக் காசோலையை வங்கியில் நிறுத்திவிடலாம் என்று பலர் ஆலோசனை சொன்னார்கள். 2022 ஜனவரி 2 முதல் கணக்கில் பணம் இல்லாமல் காசோலை திரும்புவது பொதுவாகக் குற்றவியல் விடயம் அல்ல என்பது உண்மை. ஆனால் திரும்பிய காசோலையை வைத்திருப்பவர் வழக்குப் போடாமலே நேரே நிறைவேற்று நீதிபதியிடம் போகலாம். சட்டம் அனுமதித்த காரணம் இல்லாமல் வங்கிக்கு "கொடுக்காதே" என்று கட்டளையிடுவது இன்னமும் குற்றம்தான். "வேலை சரியில்லை" என்பது நீங்கள் நினைப்பது போல அப்படியொரு காரணம் ஆகிவிடாது. அலுமாரிக்கு வழக்காளியாக இருந்தவர் ஒரே நாளில் காசோலைக்கு எதிராளியாகிவிடுவார். கடைசித் தவணையை முன்கூட்டியே காசோலையாகக் கொடுக்காமல், வேலை முடிந்து குறைப்பட்டியல் தீர்ந்த பின் வங்கி மாற்றாகத் தருவேன் என்று எழுதியிருந்தால் இந்தப் பொறியே இல்லை. நான் அதை எழுதவில்லை.

மற்றது முகநூல். லண்டனில் இருந்து மச்சாள் கொதித்துப் போய் எடுத்தாள். "அத்தான், அவன்ரை பேரோட கதவுப் படத்தையும் எடுத்து பேஸ்புக்கில போட்டு விடுங்கோ. எல்லாரும் அறியட்டும்." லண்டனில் இருந்து கொண்டு ஒரு கடையைப் பற்றி அப்படி எழுதுவது நாளாந்தம் நடப்பது. இங்கே 2021 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க இணையக் குற்றச் சட்டத்தின் கீழ், இணையத்தில் ஒருவரை அவமதித்தால் சிறையோ, இரண்டரை இலட்சத்தில் இருந்து ஐந்து இலட்சம் திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வட்ஸ்அப் குழுவில் "கள்ளன்" என்று ஒரு சொல் போட்டாலும் இணையம்தான். வெளிநாட்டவருக்கு அதன் முடிவு நாடுகடத்தலாகவும் இருக்கலாம். ஊதிய கதவுக்கு 3,800 திர்ஹம் கேட்கப் போய் 250,000 கொடுக்க வேண்டிய நிலை. கதவைப் படம் எடுங்கள், அளவு நாடாவை வைத்து எடுங்கள், திகதி தெரிய எடுங்கள். அது முறைப்பாட்டுக்கு. ஊருக்கு அல்ல.

மச்சாளின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அவள் பழகிய நாட்டில் பாதுகாப்பு வேறு விதம். பிரித்தானியாவில் 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையான பொருளுக்கு அல்லது சேவைக்குக் கடனட்டையால் செலுத்தியிருந்தால், 1974 ஆம் ஆண்டின் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி அட்டை தந்த வங்கியும் கூட்டுப் பொறுப்பு. ஒன்ராறியோவில் புதிய வீட்டுக்கு வேலைப்பாட்டுக் குறைக்கு ஒரு வருடம், குழாய், மின்சாரம், தண்ணீர் கசிவுக்கு இரண்டு, பெரிய அமைப்புக் குறைக்கு ஏழு என்று டேரியன் உத்தரவாதம் இருக்கிறது. அந்த நாடுகளில் இருந்து டுபாயில் வீடு வாங்குபவர்கள் அந்தப் பாதுகாப்பும் கூடவே விமானம் ஏறி வரும் என்று எண்ணுகிறார்கள். வராது. அதோடு இங்கே உள்ள ஒரு உறவினரின் பெயரில் ஒப்பந்தம் போட்டுக் காசோலையும் அவரையே எழுதச் சொல்கிறார்கள், என்னைச் சொன்னது போல. அந்த உறவினருக்கு அது மாதச் சம்பளத்தோடும் வீசாவோடும் விளையாட்டு. வெளிநாட்டில் இருந்து வாங்குபவர்கள் முறையான அற்றோணித் தத்துவம் எழுதி, அத்தாட்சிப்படுத்தி, தங்கள் பெயரிலேயே ஒப்பந்தத்தைச் செய்வதே நேர்மை. கொஞ்சம் செலவு வரும், கொஞ்சம் அலைச்சல் வரும். ஆனால் இங்கே இருப்பவர் நாட்டை விட்டுப் போனாலும் முறைப்பாடு நிற்கும்.

எங்கள் முறைப்பாடு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஒப்பந்தத்தில் "மரைன் பிளைவூட்" என்று எழுதியிருந்த ஒரு வரியும், வெட்டிய ஓரத்தில் சிப் போர்ட் தெரியும் படமும்தான் எங்களைக் காப்பாற்றின. பொருளாதாரத் திணைக்களத்தில் இருந்து அழைப்புப் போனதும் இரண்டு மாதமாக எடுக்காத தொலைபேசியை எடுத்தார்கள். சமரசம் பேசினோம். சிங்குக்குக் கீழே உள்ள பெட்டியை முழுவதாக மரைன் பிளைவூட்டில் மாற்றுவது, ஊதிய கீழ்க் கதவு இரண்டைப் புதிதாகப் போடுவது, கடைசிக் காசோலையைத் திருப்பித் தருவது. மற்றப் பெட்டிகளும் சிப் போர்ட்தான் என்று அவர்களுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும். அதற்கு வழக்குத்தான் போட வேண்டும். 50,000 திர்ஹம் வரையான வழக்கில் முதல் நீதிமன்றத் தீர்ப்பே இறுதி, ஆகவே அதிகம் இழுபடாது என்று ஒரு சட்டத்தரணி சொன்னார். நிபுணர் கட்டணம், மொழிபெயர்ப்பு, நான் எடுக்க வேண்டிய லீவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். மார்ச் மாதத்தையும் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். மச்சாளுக்கு அது இன்னும் தோல்விதான். எனக்கு அப்படித் தெரியவில்லை, ஆனால் வெற்றி என்றும் சொல்ல மாட்டேன்.

புதிய பெட்டியைப் பொருத்த அதே புதுக்கோட்டைத் தச்சர்தான் வந்தார். இம்முறை அவசரம் இல்லை. துளை வெட்டிய ஓரமெல்லாம் இரண்டு தரம் சிலிக்கன் பூசி, காயும் வரைக்கும் பல்கனியில் இருந்தார். சம்பளப் பாக்கியைக் கேட்டேன். தொழில் அமைச்சின் செயலியில் முறைப்பாடு போட்டிருப்பதாகச் சொல்லித் தொலைபேசியைக் காட்டினார். 2024 இல் இருந்து 50,000 திர்ஹத்துக்கு உட்பட்ட சம்பளக் கோரிக்கைகளை அமைச்சே தீர்க்கலாம் என்பதை யாரோ அறைத் தோழர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். முதலாளிக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும் அண்ணே. அடுத்த வாரம் தர்றேங்கிறாரு" என்றார்.

அவருடைய வீசா ஜனவரியில் முடிகிறதாம்.